தானாக நகர்ந்த கர்சர்: உக்ரைன் மின்தடை, டிசம்பர் 2015

கணினி வழித் தாக்குதலால் ஒரு பகுதியே இருளில் மூழ்கியது என்று ஐயமற உறுதியான முதல் நிகழ்வு இது. மூன்று மின்பகிர்மான நிறுவனங்கள், சுமார் 2,25,000 இணைப்புகள், ஒரு மணி முதல் ஆறு மணி நேரம் வரை மின்தடை. வழங்கப்படாமல் போன மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்தால் அந்நாட்டின் ஒரு நாள் நுகர்வில் 0.015 சதவீதம்தான் வரும். அந்தச் சிறிய எண்ணைப் பார்த்து இதை ஒதுக்கிவிடக் கூடாது. இருள் எப்படி வந்தது, யார் எதைச் செய்து அதை விலக்கினார்கள் என்பது மின்துறையில் இருப்பவர்களும் தேர்தல் நடத்துபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இரண்டு துறைகளுக்கும் அடியில் ஓடுவது ஒரே கேள்வி: திரை பொய் சொல்லத் தொடங்கினால் நம்மிடம் வேறு என்ன இருக்கிறது?

பின்னணி

உக்ரைனில் மாகாணத்துக்கு 'ஓப்லாஸ்த்' என்று பெயர். மாகாணத்துக்கு மின்சாரம் பகிர்ந்தளிக்கும் நிறுவனம் 'ஓப்லெனெர்கோ'. மேற்கே கார்பாத்திய மலையடிவாரத்தில் உள்ள இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க், அதை ஒட்டிய செர்னிவ்ட்ஸி, தலைநகரைச் சுற்றியுள்ள கீவ் ஆகிய மூன்று மாகாணங்களின் நிறுவனங்களே இந்த நிகழ்வில் சிக்கியவை.

2014 மார்ச்சில் கிரிமியாவை ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டது. சில வாரங்களில் கிழக்கே டான்பாஸில் சண்டை மூண்டது. அப்போதும் உக்ரைனின் மின்தொகுப்பில் பெரும்பகுதி, சோவியத் காலத்தில் அமைத்தபடி, ரஷ்ய, பெலாரஸ் தொகுப்புகளோடு ஒரே அதிர்வெண்ணில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எல்லையில் பீரங்கி முழங்க, கம்பியில் மட்டும் பழைய உறவு அறுபடாமல் இருந்தது.

2014 மே: முதல் எச்சரிக்கை

மின்தடைக்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஒரு முன்னோட்டம் நடந்துவிட்டது. அதிபர் தேர்தல் 2014 மே 25 அன்று. அதற்குச் சில நாட்களே இருக்கும்போது மத்தியத் தேர்தல் ஆணையத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், வாக்கு விவரங்களைத் திரட்டும் அமைப்பின் முக்கியக் கோப்புகளை அழித்தார்கள். 'சைபர்பெர்குத்' என்ற குழு தாங்கள்தான் செய்ததாக அறிவித்தது. காப்புப் பிரதி இருந்தது. அதிலிருந்து மீட்டு, தேர்தலுக்குள் அமைப்பை ஓட வைத்தார்கள்.

அதோடு விடவில்லை. தேர்தல் இரவு, முடிவுகளை வெளியிட 40 நிமிடமே இருந்த நேரத்தில் இன்னொரு நிரல் அகப்பட்டது. தீவிர வலதுசாரித் தலைவர் திமித்ரோ யாரோஷ் 37 சதவீத வாக்குகளோடு முன்னிலையில் இருப்பதாகப் பொய்யான படத்தைக் காட்டுவதற்கென்றே அமைத்த நிரல். அவர் உண்மையில் பெற்றது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆணையத்தின் ஆட்கள் நிரலை நீக்கிவிட்டார்கள். ஆனால் ரஷ்யாவின் 'முதல் அலைவரிசை' தொலைக்காட்சி அதே பொய் எண்களை அன்றிரவு ஒளிபரப்பியது.

அந்த நிரல் அகப்படாமல் போயிருந்தாலும் தேர்தல் முடிவு மாறியிருக்காது. உக்ரைனில் வாக்குச் சீட்டு காகிதம். வாக்குச்சாவடிக் குழுவினர் எண்ணி, கையொப்பமிட்டு, முத்திரை குத்திய தாள்தான் சட்டப்படி செல்லும். கணினி அந்தத் தாள்களில் உள்ளதை விரைவாகத் திரட்டிக் காட்டும் பலகை மட்டுமே. குழப்பம் வந்திருக்கும், கலவரம்கூட வந்திருக்கலாம், ஆனால் திரும்பிப் போய்ச் சரிபார்க்க ஒரு தாள் இருந்திருக்கும்.

ஆறு மாத ஊடுருவல்

2015 வசந்த காலத்தில் மின்நிறுவன ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்தன. அலுவலகக் கடிதம் போலவே இருந்த வேர்டு, எக்செல் கோப்புகள் அவற்றில் இணைந்திருந்தன. கோப்பைத் திறந்ததும், அதற்குள் பதிந்த சிறு நிரலை ஓட்ட அனுமதி கேட்டு, 'மேக்ரோவை இயக்கவும்' என்று ஒரு பெட்டி வரும். அதை அழுத்தியவர்களின் கணினியில் 'பிளாக்எனர்ஜி 3' என்ற தீநிரல் குடியேறியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நிறுவனங்கள் அலட்சியமாக இருந்தவை அல்ல. அலுவலக வலையமைப்பு வேறு, மின்கட்டுப்பாட்டு வலையமைப்பு வேறு என்று பிரித்து, நடுவே ஃபயர்வால் என்ற தடுப்பு போட்டிருந்தார்கள். மேக்ரோவை அழுத்தியதால் மட்டும், மின்பாதையைத் துண்டிக்கவும் இணைக்கவும் பயன்படும் பிரேக்கர் பக்கம் யாரும் போயிருக்க முடியாது (பிரேக்கரைத் திறந்தால் மின்சாரம் நிற்கும், மூடினால் ஓடும்). ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பொறியாளர்கள் தொலைவிலிருந்து கட்டுப்பாட்டு அமைப்புக்குள் நுழைய வி.பி.என். என்ற பாதுகாக்கப்பட்ட இணைய வழி வைத்திருந்தார்கள். அந்த வாசலுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் போதும். கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. தாக்கியவர்கள் பல மாதம் அலுவலக வலையில் உலவி, ஊழியர்களின் பயனர் விவரங்களைச் சேர்த்தார்கள். பூட்டை உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை; சாவியைப் படியெடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார்கள்.

உள்ளே போனதும் அவசரப்படவில்லை. மூன்று நிறுவனங்களின் கட்டுப்பாட்டு மென்பொருள்களும் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்றார்கள். துணைமின் நிலையங்களில் ஒரு சிறு பெட்டி உண்டு: கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் கட்டளையை, அங்குள்ள கருவிகளுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தரும் பெட்டி. அதற்கென ஒரு கெட்ட ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே பதிந்து அதை இயக்கும் நிரலை) முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்குக் காப்பு மின்சாரம் தரும் யு.பி.எஸ். அமைப்பையும் தொட்டு வைத்தார்கள், ஊர் இருளும்போது கட்டுப்பாட்டு அறையும் சேர்ந்து இருள வேண்டும் என்று.

இவ்வளவும் நடந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஃபயர்வாலும் மற்ற அமைப்புகளும் பதிவேடுகளை நன்றாகவே எழுதிக்கொண்டிருந்தன. பின்னாளில் விசாரணைக்கு அவைதான் கைகொடுத்தன. அன்றாடம் அவற்றைப் பார்த்து, 'இந்த நேரத்தில் இவர் ஏன் உள்ளே வருகிறார்' என்று கேட்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. என் கணக்கில் இந்த நிகழ்வின் பெரிய தவறு மேக்ரோவை அழுத்திய விரல் அல்ல, படிக்கப்படாத அந்தப் பதிவேடுதான்.

டிசம்பர் 23, பிற்பகல் 3.30

இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. பணி முடியும் நேரம். மின்கட்டுப்பாட்டுத் திரையை இயக்கும் ஊழியரான ஓர் இயக்குநர் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். திரையில் கர்சர் நகர்ந்தது. அவர் கை மவுஸில் இல்லை.

கர்சர் ஒரு துணைமின் நிலையத்தின் பிரேக்கர் பொத்தானுக்குப் போனது, அழுத்தியது. 'உறுதியாகத் திறக்கவா?' என்று கேட்கும் பெட்டி எழுந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கர்சர் அந்தப் பெட்டிக்கும் போய் 'ஆம்' என்றது. நகருக்கு வெளியே எங்கோ ஒரு துணைமின் நிலையம் அணைந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் விளக்கும் வெப்பமூட்டியும் நின்றன. அவர் மவுஸைப் பிடித்து இழுத்தார், கர்சர் அவர் கைக்குக் கட்டுப்படவில்லை. அது அடுத்த பிரேக்கரை நோக்கிப் போனது. சற்று நேரத்தில் அவருடைய கணக்கே வெளியேற்றப்பட்டது. மறுபடி நுழைய முயன்றார். கடவுச்சொல்லை மாற்றிவிட்டிருந்தார்கள். ஒன்றன் பின் ஒன்றாகச் சுமார் 30 துணைமின் நிலையங்கள் அணைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்த மேசையில் அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஊழியர் ஒருவர் கைப்பேசியில் திரையைப் படம் பிடித்தார். பின்னர் வெளியான அந்தப் பதிவில், யாரும் தொடாத கர்சர் நிதானமாக வேலை பார்ப்பதைக் காணலாம்.

மற்ற இரண்டு நிறுவனங்களிலும் அரை மணி நேரத்துக்குள் இதே கதை. கீவ் மாகாணத்தில் மட்டும் 110 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் 7, 35 கிலோவோல்ட் நிலையங்கள் 23 துண்டிக்கப்பட்டன. இரண்டு கட்டுப்பாட்டு மையங்களில் யு.பி.எஸ். திட்டமிட்டபடி நின்று, இயக்குநர்களே இருட்டில் உட்கார நேர்ந்தது. துணைமின் நிலையங்களில் அந்தச் சிறு பெட்டிகளுக்குள் கெட்ட ஃபர்ம்வேர் எழுதப்பட்டது. அதன் பிறகு அவை எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்கவில்லை. வாடிக்கையாளர் தொலைபேசி எண்களில் ஆயிரக்கணக்கான போலி அழைப்புகள் குவிந்தன. எங்கே மின்சாரம் போனது என்று சொல்ல விரும்பிய மக்களுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க்கில் தாக்குதல் தொடங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து, 'கில்டிஸ்க்' என்ற இன்னொரு நிரல் விழித்துக்கொண்டு கணினிகளின் கோப்புகளை அழித்தது.

டிசம்பர் கடைசியில் அந்தப் பகுதியில் மாலை நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தொலைக்கட்டுப்பாட்டை விட்டுவிடுவது. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவருக்கு இது எளிதல்ல. அவருடைய வேலையே அந்தத் திரைதான். ஆனால் எதிராளி உள்ளே இருக்கும் வரை, இவர்கள் மூடும் ஒவ்வொரு பிரேக்கரையும் அவர் மீண்டும் திறக்கலாம். திரையில் தெரிவது உண்மை நிலைதானா என்பதும் தெரியாது. கட்டளையை மாற்றித் தரும் பெட்டிகள் செத்துவிட்டதால் கட்டளை போய்ச் சேரவும் சேராது. எனவே கணினியைக் கழற்றிவிட்டுக் கைமுறைக்கு மாறினார்கள்.

இரண்டாவது, ஆட்களை அனுப்புவது. வண்டிகளில் ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்குப் புறப்பட்டார்கள். இந்த வேலை தெரிந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் 'ரிமோட்' என்றிருக்கும் திருகை 'லோக்கல்' பக்கம் திருப்பிவிட்டால் தொலைவிலிருந்து வரும் கட்டளை எதுவும் பிரேக்கரைத் தொடாது. பிறகு எந்த பீடர் (ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பிப் பாதை) எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, தலைமையகத்தோடு பேசி, ஒவ்வொன்றாக மூட வேண்டும். கீவ் மாகாணத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. எங்கும் ஆறு மணி நேரத்தைத் தாண்டவில்லை.

விசாரிக்க வந்த நிபுணர்கள் சிலரே சொன்ன ஒன்று முக்கியமானது: கைமுறை வசதியைக் கழற்றி எறிந்துவிட்டு முழுவதும் தானியங்கியான அமைப்புகளில் இதே தாக்குதல் நடந்திருந்தால் மீள்வது இதைவிடக் கடினமாக இருந்திருக்கும். உக்ரைனில் கருவிகள் பழையவை, பிரேக்கரைக் கையால் இயக்கத் தெரிந்த ஆட்களும் இன்னும் பணியில் இருந்தார்கள். அதைப் பின்தங்கிய நிலை என்று பார்த்திருப்பார்கள். அன்றிரவு வெளிச்சத்தைக் கொண்டுவந்தது அதுதான்.

மூன்றாவது முடிவு, மறைக்காமல் இருந்தது. கீவ் மாகாண நிறுவனம் வெளியாட்கள் தன் கணினிக்குள் நுழைந்ததால்தான் மின்தடை என்று பொதுமக்களுக்கே அறிவித்தது. வெளிநாட்டு நிபுணர்களை அழைத்துப் பதிவேடுகளைத் திறந்து காட்டினார்கள். அமெரிக்காவின் எரிசக்தித் துறை, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, எஃப்.பி.ஐ. ஆகியவை சேர்ந்த குழு வந்து போனது. 2016 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளியான அறிக்கைகள் வழியாக உலகத்து மின்பொறியாளர்கள் எல்லோரும் இதைப் படிக்க முடிந்தது. அவமானம் என்று மூடி வைத்திருந்தால் இந்த ஆய்வை எழுதவே வழி இருந்திருக்காது.

தொடர்ந்தவை

விளக்கு அன்றிரவே எரிந்தது. கட்டுப்பாட்டு அறை பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆயின. ஃபர்ம்வேர் கெட்ட பெட்டிகளைச் சரிசெய்ய முடியவில்லை, மாற்றத்தான் வேண்டும். இரண்டு மாதம் கழிந்த பிறகும் 16 துணைமின் நிலையங்களில் ஆள் போய்த்தான் பிரேக்கரை இயக்க வேண்டியிருந்தது. செய்திகளில் 'ஆறு மணி நேர மின்தடை' என்றே பதிந்துபோனது. அந்த 16 நிலையங்களுக்குக் குளிர்காலம் முழுக்க ஓடிய ஊழியர்களின் கணக்கு எந்தச் செய்தியிலும் ஏறவில்லை.

ஓராண்டு கழித்து, 2016 டிசம்பர் 17 நள்ளிரவுக்குச் சற்று முன், கீவுக்கு வடக்கே உள்ள 'பிவ்னிச்னா' 330 கிலோவோல்ட் துணைமின் நிலையம் அணைந்தது. தலைநகரின் அந்நேரத் தேவையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. இம்முறை கர்சரை ஓட்ட ஆளே தேவைப்படவில்லை. 'இண்டஸ்ட்ராயர்' என்ற நிரல் மின்கருவிகளின் மொழியிலேயே அவற்றோடு பேசி, பிரேக்கர்களைத் தானாகத் திறந்தது. மறுபடியும் ஊழியர்கள் கையால் மூடினார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது.

பலரும் இதைச் சிறிய வெற்றி என்று எண்ணினார்கள். 2019இல் வெளியான ஒரு மறுஆய்வு அந்த நிம்மதியைக் கலைத்தது. நிரலுக்குள் இன்னொரு பகுதி இருந்தது: கம்பியில் கோளாறு வந்தால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு ரிலேக்களை முடக்கும் பகுதி. தாக்கியவர்களின் கணக்கு இப்படி இருந்திருக்கும் என்று அந்த ஆய்வு கருதுகிறது. இந்த ஊழியர்கள் ஓடி வந்து கையால் மூடுவார்கள் என்பது போன ஆண்டே தெரிந்துவிட்டது. காவலற்ற கம்பியில் அவர்கள் மின்சாரத்தை ஏற்றினால், கோளாறு வரும்போது துண்டிக்க எதுவும் இருக்காது. கருவிகள் எரியும், ஆட்களுக்கும் ஆபத்து. அந்தப் பகுதியை எழுதியவர் ரிலேக்களின் ஐ.பி. முகவரியில் (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்ணில்) எண்களின் வரிசையைத் தலைகீழாகப் போட்டிருந்ததால் அது வேலை செய்யவில்லை. தப்பியது ஒரு பிழையால்தான்.

2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை ரஷ்ய ராணுவ உளவுத்துறையின் 74455 எண் பிரிவைச் சேர்ந்த ஆறு அதிகாரிகள் மீது குற்றம் சாட்டியது. இந்த இரண்டு மின்தாக்குதல்களும் அந்தக் குற்றப்பத்திரிகையில் உள்ளன.

உக்ரைனும் சும்மா இருக்கவில்லை. 2016இல் இணையப் பாதுகாப்புக்கான தேசிய உத்தி, 2017இல் அதற்கான சட்டம் என்று வந்தன. தேர்தல் பக்கம், சிதறிக் கிடந்த சட்டங்களைத் திரட்டிய புதிய தேர்தல் சட்டத் தொகுப்பு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. போரால் ஊர்விட்டு வந்தவர்கள் தாங்கள் இப்போது வாழும் இடத்திலேயே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க அது வழி செய்தது. இதை நான் பாதுகாப்பு நடவடிக்கையாகவே பார்க்கிறேன். வாக்கில்லாமல் வாழும் கூட்டம் பொய்ச் செய்திக்கு எளிதில் இரையாகும்.

எரிசக்தியில் பழைய கம்பி உறவு 2022இல்தான் அறுந்தது. ஐரோப்பியத் தொகுப்போடு இணைவதற்கு முன், தனியாக ஓட முடிகிறதா என்று பார்க்கும் சோதனைக்காக, பிப்ரவரி 24 பின்னிரவில் உக்ரைன் ரஷ்ய, பெலாரஸ் தொகுப்புகளிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டது. சில மணி நேரத்தில் படையெடுப்பு தொடங்கியது. சில நாள் சோதனையாக இருந்திருக்க வேண்டியது, போருக்கு நடுவே மூன்று வாரத் தனி ஓட்டமாக நீண்டது. மார்ச் 16 அன்று, 2023க்கெனத் திட்டமிட்டிருந்த ஐரோப்பிய இணைப்பு முடிந்தது. அடுத்த மாதமே ஓர் உயர் அழுத்தத் துணைமின் நிலையத்தைக் குறிவைத்து 'இண்டஸ்ட்ராயர்' இரண்டாம் வடிவில் வந்தது. இந்தத் தடவை விளக்கு அணைவதற்கு முன்பே அதைப் பிடித்துவிட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

வி.பி.என். வாசலுக்கு இரண்டாவது பூட்டு என்பதை இன்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதைவிட ஒரு படி மேலே போய், பிரேக்கரைத் திறக்கும் அதிகாரமே தொலைவிலிருந்து வருபவருக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டும். பார்க்க மட்டும் அனுமதி போதும் என்ற இடங்கள்தான் அதிகம் இருக்கும்.

பதிவேட்டைப் படிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு முறை ஒருவர் சந்தேகப்பட்டிருந்தால் போதும்.

யு.பி.எஸ். அலுவலக வலையமைப்பிலிருந்து தொடக்கூடியதாக இருக்கக் கூடாது. கட்டளையை மாற்றித் தரும் பெட்டிகள் சில, ஃபர்ம்வேர் சரியாக உள்ளவை, கிடங்கில் தயாராக இருக்க வேண்டும். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தொலைபேசியும் மக்கள் அழைக்கும் தொலைபேசியும் ஒரே வழியில் வரக் கூடாது.

கைமுறையில் இயக்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். கருவி மட்டும் இருந்து ஆள் இல்லையென்றால் அந்த 'லோக்கல்' திருகு வெறும் அலங்காரம். ஆண்டுக்கு ஒரு முறையாவது, முன்னறிவிப்பின்றித் திரையை அணைத்துவிட்டு ஒரு பிரிவு முழுவதையும் கையால் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேர்தலுக்கும் இதையே சொல்வேன்: கணினியை நிறுத்திவிட்டு, முத்திரையிட்ட தாள்களை மட்டும் வைத்து ஒரு தொகுதியின் முடிவைத் திரட்டும் ஒத்திகை.

அந்தப் பயிற்சி ஏட்டில் 2015இல் தேவைப்படாத ஒரு வரியை இப்போது சேர்க்க வேண்டும். பிரேக்கரை மூடக் கை நீட்டுவதற்கு முன், அந்தக் கம்பியைக் காக்கும் ரிலே விழித்திருக்கிறதா என்று பலகை முன் நின்று சோதித்து, சோதித்தவர் பெயரையும் நேரத்தையும் ஏட்டில் எழுதிவிட்டு, பிறகு மூட வேண்டும். பத்து நிமிடம் கூடுதலாக ஊர் இருட்டில் இருந்தாலும் பரவாயில்லை.